கண்மாய்க் கரையில் ஒரு பாடம்

நாற்பதைக் கடந்த பின் மீண்டும் மாணவனாக நிற்பது எளிதன்று. ஓதிக் கொடுத்தே பழகிய எனக்குச் சென்ற தை மாதம் அது புரிந்தது. பாடம் சொன்னவனோ, ஒரு காலத்தில் என்னிடம் அலிஃப், பே ஓதிய என் தமக்கை மகன்.

அவனுக்கு உதகையில் வேலை. அங்கே தூண்டில் வீச்சில் ஒரு தனிவகை உண்டு. மண்புழு இல்லை, தக்கை இல்லை. இறகையும் நூலையும் முள்ளில் சுற்றி ஈயைப் போலச் செய்கிறார்கள். மதராஸ் மாகாண அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ், இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றி 1873-இல் தனி நூலே வெளியிட்டார். நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளுக்கென டிரௌட் மீன் வெளிநாட்டிலிருந்து கொண்டு வரப்பட்டு, 1907-இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்தது. நம் ஊர் வெதுவெதுப்பான நீரில் அம்மீன் பிழைக்காது. ஆனால் வீச்சைப் பழக மீன் எதற்கு?

ராஜபாளையத்தில் பழகினால் வேடிக்கை பார்க்க என் மாணவர்கள் கூடிவிடுவார்கள். ஆகவே ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சென்றோம். பருவமழையில் பெரியகுளம் கண்மாய் நிறைந்திருந்தது. காலை வேளை, மேற்கு மலைத்தொடர் நீரில் தலைகீழாகத் தெரிந்தது. கண்மாய் மீன்பாசி குத்தகைக்கு விடப்படுவது வாசகர்கள் அறிந்ததே. எனவே முள்ளை நீக்கிச் சிவப்புக் கம்பளித் துணுக்கைக் கட்டினான். குத்தகைதாரருடன் வம்பில்லை, என் காதுக்கும் ஆபத்தில்லை.

வழக்கமான தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துச் செல்லும். இறகு ஈக்கோ கனமே கிடையாது. இங்கே கனமெல்லாம் தடித்த கயிற்றில். கோல் நுனியை நீரருகே தாழ்த்தி, தொய்வை எடுத்து, வேகத்தைச் சீராகக் கூட்டி உயர்த்த வேண்டும். தலைக்கு மேல் கடிகாரத்தின் பன்னிரண்டு எனக் கொண்டால், பின்னே ஒரு மணி நிலையில் சட்டென நிறுத்த வேண்டும். கயிறு பின்னால் நீண்டு நேராகும்வரை பொறுத்து, முன்னே செலுத்திப் பத்து மணியில் மீண்டும் நிறுத்தினால், அது தானே விரிந்து நீரில் இறங்கும்.

அந்தப் பொறுத்தலில்தான் நான் தோற்றேன். முதுகுக்குப் பின்னே நடப்பது கண்ணுக்குத் தெரியாததால் கை முந்திக்கொள்கிறது. கயிறு சாட்டைபோல் சொடுக்கிக் காலடியில் குவிந்தது. ஓடும் நீர் அந்தக் குவியலை இழுத்துக் கொண்டு போய்விடும். தேங்கிய நீர், சிலேட்டில் எழுதிய பிழைபோல் அப்படியே வைத்துக் காட்டுகிறது.

"மாமு, திரும்பிப் பாருங்க. கயிறு நீளட்டும், அப்புறம் தள்ளுங்க."

இருபது தடவை சொல்லியிருப்பான். குரல் ஒரு முறையும் உயரவில்லை.

எனக்குச் சுருக்கென்றது. ஏழு வயதில் 'ளாது' எழுத்து நாவில் ஏறாமல் இவன் தடுமாறியபோது, மூன்றாம் தடவையே பிரம்பை எடுத்தவன் நான். அதன்பின் பல நாள் ஓத வர மறுத்து அழுதான். தமக்கை என்னிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை.

"அந்த ளாது ஞாபகம் இருக்கிறதா?" என்றேன்.

"இருக்கு மாமு" என்றான், கண்மாயைப் பார்த்தபடி. "முழங்கையை உடம்போடு ஒட்டி வைங்க. மணிக்கட்டை மடக்காதீங்க."

வெயில் ஏறும் நேரத்தில், இருபது முழக் கயிறு ஒரே ஒரு முறை நேராக விழுந்தது. கம்பளித் துணுக்கைச் சுற்றிச் சிறு வளையம் விரிந்து மறைந்தது. நான் அவனைப் பார்த்தேன். அவன் கயிற்றைப் பார்த்துக் கொண்டிருந்தான்.

"இன்னொரு தடவை" என்றான்.