வென்றது நாங்களா, அவர்களா?

1996 மார்ச் 17. லாகூரில் உலகக் கிண்ணக் கிரிக்கெட் இறுதியாட்டம். வலிகாமத்தை விட்டு இடம்பெயர்ந்து நாலரை மாதம். தென்மராட்சியில் ஒரு வீட்டு விறாந்தையில் இருந்தோம். பற்றரி இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம்.

"முரளி விக்கெட் எடுக்கவேணும். ஆனா இலங்கை தோக்கவேணும்" என்றார் மாமா.

"ரெண்டும் எப்பிடி மாமா?"

"நீ சுத்து."

மாமாவின் அந்தக் கணக்கு பல வருடங்களின் பின்னர்தான் எனக்குப் பிடிபட்டது. அமெரிக்க உளவியலாளர் றொபேர்ட் சியால்டினி 1976இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பல்கலைக்கழக அணி வென்றால், அடுத்த திங்கட்கிழமை அதன் பெயர் பொறித்த உடையோடு வரும் மாணவர் தொகை கூடும். வெற்றியைச் சொல்லும்போது "நாங்கள்" என்பார்கள். தோல்வியென்றால் அந்தச் சொல் குறைந்துவிடும். மைதானத்தில் இறங்காதவருக்கும் வெற்றியில் பங்கு உண்டு.

ஹென்றி தாஜ்ஃபெல் இன்னும் ஆழத்துக்குப் போனார். போலந்து யூதரான அவர் ஜெர்மனியரிடம் போர்க்கைதியாக இருந்து மீண்டபோது, குடும்பத்தில் பெரும்பாலானோர் கொல்லப்பட்டிருந்தனர். பின்னாளில் இங்கிலாந்தில் பாடசாலைச் சிறுவர்களை அற்பக் காரணம் சொல்லி இரண்டு குழுக்களாகப் பிரித்தார். பணம் பங்கிடச் சொன்னபோது தம் குழுவுக்கே கூடக் கொடுத்தார்கள். தமக்குக் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, மற்றக் குழுவுடனான இடைவெளி பெரிதாக இருக்கட்டும் என்றும் பலர் தெரிவு செய்தார்கள்.

அந்த மாணவர்களுக்கு அணியும் "நாங்களும்" ஒன்று. மாமாவுக்கு அப்படியில்லை. அணியின் சட்டையில் இருந்த நாட்டின் பெயரில்தான் போரும் நடந்தது. ஆனால் மூன்று மாதங்களுக்கு முன் மெல்பேர்ணில், முரளி பந்தை எறிகிறார் என்று நடுவர் திரும்பத் திரும்ப 'நோபோல்' கொடுத்தபோது மாமா அன்று சாப்பிடவில்லை. முரளி கண்டிப் பொடியன். மாமா கண்டியைக் கண்டதேயில்லை. ஒருவருக்குள் பல "நாங்கள்" இருக்கலாம். எது காயப்படுகிறதோ அது முன்னுக்கு வரும். இதைக் குழப்பம் என்று நான் இப்போது சொல்லமாட்டேன்.

அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107. இரவு ஆட்டம் முடிந்தது.

"வெண்டிட்டாங்கள்" என்றார் மாமா. பிறகு கனநேரம் பேச்சில்லை. நான் பெடலை விட்டுவிட்டேன்.

"முரளிக்கு எத்தினை விக்கெட்?"

"ஒண்டு மாமா."

"பத்து ஓவருக்கு 31 ஓட்டம்தானே குடுத்தவன்" என்றார்.