அக்மேதாவின் அறையும் அலிப்பூரின் அலமாரியும்



எஸ்றாவின் புத்தகம் ஆறாம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். எருசலேமில் தேவாலய வேலை நடந்துகொண்டிருக்கிறது. அதற்கு அனுமதி கொடுத்தது யார் என்று அதிகாரிகள் கேள்வி எழுப்புகிறார்கள். கோரேஸ் ராஜா கட்டளையிட்டார் என்று யூதர்கள் சொல்லுகிறார்கள். அதற்கு அத்தாட்சி எங்கே? தரியு ராஜா தேடச் சொல்லுகிறார். மேதிய நாட்டின் அக்மேதாவில் ஒரு சுருள் அகப்படுகிறது. தேவஜனத்தின் வழக்கைத் தீர்த்த எழுத்து, அந்நிய தேசத்தின் அறை ஒன்றில் பத்திரமாய்க் காத்திருந்தது!

நாம் பிழைப்புக்காக வந்து குடியேறிய கொல்கத்தா பட்டணத்திலும் நமக்காக அப்படிக் காத்திருக்கும் அறை ஒன்று உண்டு என்பதை அறிவீர்களா?

தென் கொல்கத்தாவில் டாக்குரியா ஏரிக்கரையிலோ, தமிழர் நெடுங்காலமாய் வாழும் லேக் மார்க்கெட் பகுதியிலோ நீங்கள் குடியிருந்தால், சில கிலோமீட்டர் மேற்கே சென்றால் அலிப்பூர் வந்துவிடும். அங்கே வங்காளத்தின் துணை ஆளுநர்கள் வாழ்ந்த பெல்வெடேர் மாளிகையின் வளாகத்தில்தான் இந்தியாவின் தேசிய நூலகம் இருக்கிறது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களைக் கொண்ட அந்த நூலகத்தில் தமிழுக்கென்று தனிப்பிரிவே உண்டு.

இதன் வேரில் ஒரு மிஷனெரியின் வாழ்வும் கலந்திருக்கிறது. செருப்புத் தைக்கும் தொழில் செய்த வில்லியம் கேரி 1793-ஆம் ஆண்டு வங்காளம் வந்து சேர்ந்தார். 1801-இல் வங்கமொழிப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு வெளியிட்டார். அதே ஆண்டு கொல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் ஆசிரியரானார். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அங்கே கற்பித்தார். 1836-இல் கல்கத்தா பொது நூலகம் தொடங்கப்பட்டபோது, அந்தக் கல்லூரியின் நூலகத்திலிருந்து 4,675 நூல்கள் அதற்கு வழங்கப்பட்டன. அந்தப் பொது நூலகம் 1903-இல் இம்பீரியல் நூலகத்தோடு இணைந்தது. 1948-இல் அது தேசிய நூலகம் என்று பெயர் பெற்றது. 1953 பிப்ரவரி 1 அன்று மௌலானா ஆசாத் அதைப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்தார். சுதந்திர இந்தியாவில் அதன் முதல் நூலகராயிருந்த பி.எஸ்.கேசவன் சென்னை மயிலாப்பூரில் பிறந்தவர்.

தமிழ் நூல்கள் அங்கே எப்படி வந்து சேருகின்றன? 1954-ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டம் அதற்கு வழிசெய்தது. இந்தியாவில் எந்த மொழியில் நூல் வெளியானாலும், பதிப்பாளர் தம் சொந்தச் செலவில் 30 நாட்களுக்குள் ஒரு பிரதியைக் கொல்கத்தாவுக்கு அனுப்ப வேண்டும். மதுரையிலோ பாளையங்கோட்டையிலோ அச்சாகும் நூலும் இச்சட்டத்துக்கு உட்பட்டதே. மேலும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் பேரகராதியின் பதிப்பாசிரியராயிருந்து 1956-இல் மறைந்த எஸ்.வையாபுரிப்பிள்ளை அவர்களின் சொந்தச் சேகரிப்பும் அங்கேதான் பாதுகாக்கப்படுகிறது. நெல்லைச் சீமையில் பிறந்த அறிஞரின் புத்தகங்கள், வங்காள மண்ணில் வாசகரை எதிர்நோக்கியிருக்கின்றன.

ஆனால் அன்பானவர்களே, அவற்றை வாசிக்க நம் வீட்டில் யார் இருக்கிறார்கள்?

நம்மில் பலருடைய இல்லங்களில் பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள். தமிழ் எழுத்து அறியார்கள். பாமாலைகளையும் கீர்த்தனைகளையும் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் பாடுகிறார்கள். பாட்டியின் வேதாகமம் மேசைமேல் இருக்கிறது. பேரனுக்கு அது மூடின புஸ்தகம். அந்த வேதாகமத்தின் ஓரங்களில் பாட்டி கண்ணீரோடு குறித்துவைத்த ஜெபக்குறிப்புகளை நாளைக்கு வாசிக்கப் போவது யார்? சுருள் பத்திரமாய் இருந்தும் அதை வாசிக்கத் தெரிந்தவன் இல்லாதிருந்தால், அக்மேதாவின் அறையினால் என்ன பிரயோஜனம்?

நூலகம் உலகத்தாருக்குரிய இடம் அல்லவா என்று சிலர் தயங்கலாம். மோசே எகிப்தியருடைய சகல சாஸ்திரங்களிலும் கற்பிக்கப்பட்டவர் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 7:22 சொல்லுகிறது. தானியேல் புஸ்தகங்களை வாசித்தே எருசலேமின் பாழ்க்கடிப்பு நிறைவேறும் வருஷங்களின் தொகையை அறிந்துகொண்டார் (தானி. 9:2). அங்கே நாம் சகலத்தையும் சோதித்து, நலமானதைத் தெரிந்துகொள்வோமாக.

ஆகையால் மூன்று காரியங்களைச் செய்யத் தீர்மானியுங்கள். முதலாவது, குடும்ப ஜெபத்தில் தினமும் ஒரு வசனத்தைப் பிள்ளையே தமிழில் எழுத்துக்கூட்டி வாசிக்கட்டும். பிழை வந்தால் கடிந்துகொள்ளாதேயுங்கள். ஒரு வசனம் ஒரு வருஷத்தில் 365 வசனங்களாகும். இரண்டாவது, உங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளியில் தமிழ் எழுத்துக்காகக் கால்மணி நேரம் ஒதுக்கும்படி போதகரிடம் தாழ்மையாய்க் கேளுங்கள். மூன்றாவது, ஒரு விடுமுறை நாளில் குடும்பமாக அலிப்பூருக்குச் சென்று வாருங்கள். வாலிபப் பிள்ளைகள் வாசகர் அட்டைக்கு விண்ணப்பிக்கட்டும். உங்கள் பகுதியிலுள்ள சிறு நூலகத்தையும் அலட்சியம் செய்யாதேயுங்கள். அங்கே உங்கள் பிள்ளை வங்கமொழியையும் கற்கட்டும். அண்டை வீட்டாருக்குச் சாட்சி சொல்ல அந்த மொழி உதவும். கேரியும் அவர்கள் மொழியைக் கற்ற பின்பல்லவா அவர்களுக்கு வேதத்தைக் கொடுத்தார்!

சிறையிலிருந்த பவுல் அப்போஸ்தலர் தீமோத்தேயுவிடம் கேட்டவை எவை? தாம் விட்டுவந்த மேலங்கி, அதோடு புஸ்தகங்கள், விசேஷமாய்த் தோற்சுருள்கள் (2 தீமோ. 4:13). மரணம் சமீபித்திருந்தும் அவர் வாசிப்பை விடவில்லை. பட்டணத்தில் மேலங்கிக்காக ஓடியாடி உழைக்கிற நாம், புஸ்தகங்களை மறந்துபோகலாமா?

கர்த்தர் தாமே உங்கள் பிள்ளைகளின் கண்களைத் திறந்து, உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.