கட்டி சுருங்கவில்லை, மருந்து ஏன் தொடர்கிறது?

கணையத்தில் நியூரோஎண்டோகிரைன் கட்டி முற்றி எவரோலிமஸ் சாப்பிடும் ஒருவர், காரைக்காலிலிருந்து புதுச்சேரி ஜிப்மருக்கு ஸ்கேனோடு போய், "கட்டி அப்படியேதானே இருக்கு?" என்று சோர்ந்து கேட்டால் அது நியாயமான கேள்விதான். ஆனால் இம்மருந்தின் முதல் வேலை செல்லைக் கொல்வதல்ல. செல்லின் மேலுள்ள ஏற்பியில் வளர்ச்சிக் காரணி ஒட்டியதும் பிஐ3கே, ஏகேடி, எம்டார் என்ற புரதங்கள் வழியே சமிக்ஞை கைமாறுகிறது. புரதம் செய், பெருகு என்று உத்தரவிடுவது எம்டார். எவரோலிமஸ் அதைத்தான் முடக்குகிறது.

இக்கட்டிக்கு இம்மருந்தைச் சோதித்து 2011இல் வெளியான ஆய்வில், வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு நோய் வளராதிருந்த இடைநிலைக் காலம் 4.6 மாதம், மருந்து எடுத்தவர்களுக்கு 11 மாதம். கட்டி நன்றாகச் சுருங்கியதோ நூற்றுக்கு 5 பேருக்குத்தான். இந்த எண்களைச் சேர்த்தே படிக்க வேண்டும்: வளராமல் நிற்பதே இங்கே பலன். பிறகு ஏன் மீண்டும் வளர்கிறது? ஒரு காரணம், எம்டார் அடங்கும்போது ஏகேடிக்கு அது போட்டிருந்த கடிவாளமும் தளர்ந்துவிடுகிறது.