‘எஸ்.ஆர்.’, ‘எக்ஸ்.எல்.’, ‘டி.ஆர்.’: மாத்திரை அட்டையில் உள்ள எழுத்துகள் உணர்த்துவது என்ன?

இந்தியாவில் விற்பனையாகும் பல மாத்திரைகளின் பெயரை அடுத்து எஸ்.ஆர்., இ.ஆர்., எக்ஸ்.எல்., டி.ஆர். போன்ற எழுத்துகள் அச்சிடப்பட்டிருக்கும். மருந்து உடலில் எப்போது, எவ்வளவு வேகத்தில் வெளியாகும் என்பதை இவை குறிக்கின்றன.

நீரிழிவு நோயாளிகளுக்கான மெட்ஃபார்மின் இதற்கு எளிய உதாரணம். விரைவில் கரையும் சாதாரண வகை, பொதுவாக நாளொன்றுக்கு 2 அல்லது 3 முறை உட்கொள்ளப்படுகிறது. எஸ்.ஆர்., இ.ஆர். வகைகளில் மருந்து பல மணி நேரம் சிறிது சிறிதாக வெளியாவதால், பெரும்பாலும் இரவு உணவுடன் ஒரு முறை எடுத்துக்கொள்ளப் பரிந்துரைக்கப்படுகிறது.

டி.ஆர். என்பது தாமதமாகக் கரையும் வகை. பான்டோபிரசோல் மருந்தை வயிற்று அமிலம் சிதைத்துவிடும். எனவே, சிறுகுடலைச் சென்றடைந்த பிறகே கரையும் மேற்பூச்சு அதற்கு அளிக்கப்படுகிறது.

பொடித்துக் கொடுக்கலாமா?

விழுங்கச் சிரமப்படும் முதியோருக்கு மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் உள்ளது. மெதுவாக வெளியாகும் மாத்திரையில் இது ஆபத்தானது. பல மணி நேரத்துக்கான மருந்து ஒரே நேரத்தில் ரத்தத்தில் கலந்துவிடும். ரத்த அழுத்தத்துக்கான நிஃபெடிபின் மாத்திரையைப் பொடித்தால், அழுத்தம் திடீரென அபாயகரமாகக் குறையக்கூடும். மெட்டோபிரோலால் எக்ஸ்.எல். போன்ற சில மாத்திரைகளை, நடுவில் கோடு இருந்தால் இரண்டாக உடைக்கலாம். பொடிக்கவோ மெல்லவோ கூடாது.

மருந்தின் பெயரும் மில்லிகிராம் அளவும் ஒன்றாக இருந்தாலும், எழுத்து வேறாக இருந்தால் மாத்திரையும் வேறு. மருந்துக் கடையில் மாற்றித் தரப்பட்டால், மருத்துவரிடம் உறுதிசெய்த பின்னரே உட்கொள்ள வேண்டும். விழுங்க இயலாதவர்களுக்குத் திரவ வடிவமோ மாற்று மருந்தோ உள்ளதா என்பதையும் அவரிடமே கேட்டறியலாம்.