வேலியோரப் பூவும் குருதிநாளமும்

ஓட்டப்பிடாரம், கோவில்பட்டி வட்டாரத்தில் கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் கோடையிலும் வேலியோரங்களில் பூத்து நிற்பது நித்தியகல்யாணி. சுடுகாட்டு மல்லி என்றும் இதனை அழைப்பர். கசப்பு மிகுந்த இதன் இலையை ஆடுகள்கூட விரும்புவதில்லை. மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த இச்செடி, தூத்துக்குடி மாவட்டத்து மானாவாரி நிலங்களில் மருந்துப் பயிராகவும் விளைகிறது. உயிர் காக்கும் மருந்தைத் தரும் செடிக்கு வாய்த்த பெயரைப் பாருங்கள்!

ஜமைக்கா தீவினர் நீரிழிவு நோய்க்கு இதன் இலையைக் காய்ச்சிப் பருகிவந்தனர். அதனைச் சோதிக்க விரும்பிய கனடா நாட்டு அறிவியலாளர் இராபர்ட் நோபிள், இலைச்சாற்றை எலிகளுக்குப் புகட்டினார். இரத்தச் சர்க்கரை குறையவில்லை. ஊசிவழிச் செலுத்தியபோதோ வெள்ளணுக்கள் குறைந்து, எலிகள் நோய்த்தொற்றால் மடிந்தன. வேறொருவராயின் ஆய்வை அத்துடன் கைவிட்டிருப்பர். வெள்ளணுக்களைக் குறைக்கும் பொருள் புற்றணுக்களையும் அடக்கக்கூடும் என்று கருதிய நோபிள், சார்லஸ் பீருடன் இணைந்து 'வின்பிளாஸ்டின்' என்னும் மருந்துப்பொருளைப் பிரித்தெடுத்தார். 1958ஆம் ஆண்டு அது உலகிற்கு அறிவிக்கப்பட்டது. அதில் ஒரு கிராம் பெற ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும்.

புற்றுக்கட்டி ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளர வேண்டுமாயின் அதற்கு உணவும் ஆக்சிசனும் தேவை. கண்மாய்க்கரையைக் களவாக வெட்டித் தன் வயலுக்கு நீர் பாய்ச்சுபவனைப் போல, கட்டியானது சில வேதிப்பொருள்களைச் சுரந்து அருகிலுள்ள குருதிநாளங்களைத் தன்பக்கம் கிளைக்கச் செய்கிறது. அவ்வாய்க்காலை அடைத்தால் கட்டி வாடும் என்று 1971இல் எடுத்துரைத்தவர் அமெரிக்க மருத்துவர் ஜூடா ஃபோக்மன்.

2000ஆம் ஆண்டு கனடாவின் டொரண்டோ நகரில் இராபர்ட் கெர்பெல் குழுவினர் இவ்விரு வழிகளையும் இணைத்தனர். கட்டியுடைய சுண்டெலிகளுக்கு வின்பிளாஸ்டினைச் சிறுசிறு அளவில் தொடர்ந்து கொடுத்தனர்; நாள வளர்ச்சியைத் தடுக்கும் எதிர்ப்பொருளையும் உடன் செலுத்தினர். தனித்தனியே கொடுத்தபோது கட்டி சுருங்கிப் பின் மீண்டும் வளர்ந்தது. சேர்த்துக் கொடுத்தபோது ஆறு மாதத்திற்கும் மேலாகத் தலைதூக்கவில்லை.

எனில், மருத்துவமனை மருந்தோடு வீட்டில் இலைக் குடிநீரும் பருகலாமே எனத் தோன்றும். ஆய்வில் பயன்பட்டது இலையன்று. மில்லிகிராமில் நிறுத்து அளந்த தூய பொருள். செடிக்குச் செடி, நிலத்துக்கு நிலம் மாறும் இலைச்சத்து ஒரு குவளையில் எவ்வளவு என்று எவரும் கூற இயலாது. மேலைநாட்டு மூலிகையான செயின்ட் ஜான்ஸ் வோர்ட், உடலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதியைத் தூண்டிவிடும். அதனால், நாள வளர்ச்சியைத் தடுக்கும் 'சுனிட்டினிப்' இரத்தத்தில் குறைந்துபோகும். 2004இல் அமெரிக்காவில் ஏற்பளிக்கப்பட்ட 'பெவாசிசுமாப்' குருதிக்கசிவை உண்டாக்கக்கூடியது. இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் மூலிகை உடன்சேரின் அவ்விடர் மிகும்.

மருத்துவர் கடிந்துகொள்வாரோ என்றஞ்சிக் குடிநீர் பருகுவதை மறைப்போர் உண்டு. வெள்ளணுக்கள் குறைந்ததன் காரணம் அறியாத மருத்துவர், நோயாளிக்கு உதவிக்கொண்டிருக்கும் மருந்தின் அளவையே குறைத்துவிட நேரும்.