ஒரு வாக்கில் முடிந்த தேர்தல்

வாக்களிப்பது எளிது. அளித்த வாக்கை எண்ணுவோர் யார், எண்ணியது முறைதானா என்று தீர்ப்போர் யார் என்பனவே மக்களாட்சியில் கடினமான வினாக்கள். இவ்வினாக்களுக்கு முன்கூட்டியே விடை எழுதிவைக்காத நாடு எத்தகைய இடருக்கு உள்ளாகும் என்பதை 1876ஆம் ஆண்டு நடைபெற்ற அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல் தெளிவாகக் காட்டுகின்றது. அந்நாட்டு வரலாற்றில் நினைவில் நிற்கும் தேர்தல்கள் பல உண்டு. ஆயினும் ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டில் தலைவர் அமைந்ததும், அதன் விலையைத் தேர்தலில் நில்லாத மக்கள் கூட்டமொன்று செலுத்தியதும் இந்தத் தேர்தலிலேதான்.

தேர்வாளர் முறை

அமெரிக்க மக்கள் தங்கள் தலைவரை நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு மாநிலமும் தேர்வாளர் சிலரை அமர்த்துகின்றது. அவர்கள் அளிக்கும் வாக்கே முடிவானது. பிரதிநிதிகள் சபையில் ஒரு மாநிலத்துக்கு எத்தனை உறுப்பினர் உளரோ, அத்தொகையோடு செனட் சபை உறுப்பினர் இருவரையும் கூட்டினால் அம்மாநிலத்தின் தேர்வாளர் தொகை கிடைக்கும். 1876இல் தேர்வாளர் மொத்தம் 369 பேர்; வெற்றிக்கு 185 வாக்குகள் வேண்டும். இந்நாளில் மொத்தம் 538, வெற்றிக்கு 270.

இம்முறையில் சிக்கல் எழுவது புதிதன்று. 1800ஆம் ஆண்டுத் தேர்தலில், ஒரே கட்சியைச் சேர்ந்த தாமஸ் ஜெபர்சனும் ஆரன் பரும் ஆளுக்கு 73 வாக்குகள் பெற்றுச் சமமாக நின்றனர். பிரதிநிதிகள் சபை 36 முறை வாக்கெடுத்த பின்னரே ஜெபர்சன் தலைவரானார். 1824இல் ஆண்ட்ரு ஜாக்சன் 99 வாக்குகளும் ஜான் குவின்சி ஆடம்ஸ் 84 வாக்குகளும் பெற்றனர். எவருக்கும் பெரும்பான்மை இல்லாமையால் சபை கூடி ஆடம்சைத் தேர்ந்தெடுத்தது. இவ்விரு தேர்தல்களிலும் தோற்றவர் மனம் கசந்தது உண்மை. எனினும், பெரும்பான்மை கிட்டாவிடில் பிரதிநிதிகள் சபை தீர்க்கும் என்ற விதி சட்டத்தில் இருந்தது. 1876இல் முளைத்த சிக்கலுக்கோ சட்டத்தில் வழியே இல்லை.

இரு வேட்பாளர்கள்

உள்நாட்டுப் போர் முடிந்து பதினோராண்டுகளே ஆகியிருந்த காலம் அது. அடிமை முறை 1865இல் ஒழிக்கப்பட்டது. கறுப்பின ஆடவருக்கு வாக்குரிமை தரும் பதினைந்தாம் திருத்தம் 1870இல் நிறைவேறியது. கறுப்பினத்தவர் சட்ட மன்றங்களிலும் செனட் சபையிலும் கூட அமர்ந்தனர். ஆனால் தெற்கிலிருந்த வெள்ளையரில் பலர் இதனைப் பொறுக்கவில்லை. வாக்களிக்கச் சென்ற கறுப்பின மக்களை அச்சுறுத்தவும் கொல்லவும் ஆயுதக் குழுக்கள் தோன்றின. தென் கரோலினாவின் ஹாம்பர்க் என்னும் ஊரில் 1876 ஜூலையில் கறுப்பினக் காவற்படையினர் சிலர் இவ்வாறு கொல்லப்பட்டனர். தலைநகரத்து அரசின் படைகள் தெற்கில் ஓரளவு நின்றமையாலேயே அம்மக்களின் உரிமைக்குச் சிறிது காப்பு இருந்தது.

இந்நிலையில் குடியரசுக் கட்சி, ஒகையோ மாநில ஆளுநர் ரதர்போர்டு ஹேஸ் என்பாரை நிறுத்தியது. போரில் பலமுறை காயமுற்ற தளபதி அவர். ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர், நியூயார்க் ஆளுநர் சாமுவேல் டில்டன். நியூயார்க் நகரில் ஊழல் நடத்திய கூட்டத்தை ஒடுக்கிப் புகழ் பெற்ற வழக்கறிஞர். தகுதி பெற்ற வாக்காளரில் நூற்றுக்கு எண்பதின்மருக்கு மேல் அத்தேர்தலில் வாக்களித்தனர். அமெரிக்க வரலாற்றில் அதற்கு முன்னும் பின்னும் காணாத அளவு அது.

இருபது வாக்குகள்

மக்கள் வாக்கில் டில்டன் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் மிகுதியாகப் பெற்றார். தேர்வாளர் வாக்கிலும் ஐயமின்றி அவருக்குக் கிடைத்தவை 184. ஹேசுக்குக் கிடைத்தவை 165. எஞ்சிய 20 வாக்குகள் யாருக்கு என்பதே வழக்கு. லூயிசியானாவின் 8, தென் கரோலினாவின் 7, புளோரிடாவின் 4, ஆரிகனின் 1 ஆகியவை அவை. டில்டனுக்கு ஒன்று கிடைத்தால் போதும். ஹேசுக்கோ இருபதும் வேண்டும்.

தெற்கு மாநிலங்கள் மூன்றிலும் இரு தரப்பும் குற்றமுடையனவாகவே இருந்தன. ஜனநாயகக் கட்சியினர் கறுப்பின வாக்காளரை வன்முறையால் தடுத்தனர். குடியரசுக் கட்சியின் கையிலிருந்த வாக்குச் சரிபார்ப்புக் குழுக்கள், எதிர்த்தரப்பின் வாக்குகளை ஆயிரக்கணக்கில் தள்ளின. அக்காலத்தில் வாக்குச் சீட்டை அரசு அச்சிடுவதில்லை. கட்சிகளே அச்சிட்டு வழங்கின. ஆகவே ஏமாற்றுக்கும் இடம் மிகுதி. ஆரிகனில் சிக்கல் வேறு வகையானது. அங்கே தேர்வாளராக வந்தவருள் ஒருவர் அஞ்சலகத் தலைவர். அரசுப் பதவியில் உள்ளவர் தேர்வாளர் ஆகலாகாது என்பது சட்டம். அதனைக் காட்டி, ஜனநாயகக் கட்சி ஆளுநர் தம் கட்சிக்காரர் ஒருவரை அவ்விடத்தில் அமர்த்தினார்.

இவ்வாறு நான்கு மாநிலங்களிலிருந்தும் ஒன்றுக்கொன்று மாறான சான்றிதழ்கள் தலைநகருக்கு வந்தன. செனட் சபைத் தலைவர், இரு சபைகளின் முன்னிலையில் சான்றிதழ்களைத் திறப்பார். பின்னர் வாக்குகள் எண்ணப்படும் என்று மட்டுமே அரசியல் சட்டம் கூறியது. யார் எண்ணுவது, இரண்டு சான்றிதழ்கள் வந்தால் எதனைக் கொள்வது என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை. செனட் சபை குடியரசுக் கட்சியின் வசம். பிரதிநிதிகள் சபை ஜனநாயகக் கட்சியின் வசம். செயப்பாட்டு வினையில் எழுதிய ஒரு வாக்கியம், எழுவாய் இன்மையால் ஒரு நாட்டையே திகைக்கவைத்தது. "டில்டன் அல்லது இரத்தம்" என்னும் முழக்கமும் எழுந்தது. மீண்டும் போர் மூளுமோ என்று மக்கள் அஞ்சினர்.

பதினைவர் ஆணையம்

1877 ஜனவரித் திங்களில் இரு கட்சியினரும் கூடி ஒரு சட்டம் இயற்றினர். செனட் சபையினர் ஐவர், பிரதிநிதிகள் ஐவர், உச்ச நீதிமன்ற நடுவர் ஐவர் ஆகப் பதினைவர் கொண்ட ஆணையம் அமைந்தது. எழுவர் ஒரு கட்சி, எழுவர் மறு கட்சி; பதினைந்தாமவராக எக்கட்சியும் சாராத நடுவர் டேவிட் டேவிஸ் இருப்பார் என்று எதிர்பார்க்கப்பட்டது. அந்த நேரத்தில் இல்லினாய் மாநிலச் சட்ட மன்றம் ஜனநாயகக் கட்சியினரின் ஆதரவோடு அவரைச் செனட் சபைக்குத் தேர்ந்தெடுத்தது. அவர் ஆணையத்தில் அமர மறுத்துவிட்டார். அவரைத் தம் பக்கம் ஈர்க்கச் செய்த செயல், ஈற்றில் அக்கட்சிக்கே கேடாய் முடிந்தது. அவரிடத்திற்குக் குடியரசுக் கட்சிச் சார்புடைய நடுவர் ஜோசப் பிராட்லி வந்தார். மாநில அதிகாரிகள் முறைப்படி அனுப்பிய முடிவுக்குப் பின்னே சென்று ஆராய்வது ஆணையத்தின் வேலையன்று என்று எண்மர் கூறினர், எழுவர் மறுத்தனர். வழக்கிலிருந்த மாநிலம் ஒவ்வொன்றிலும் எட்டுக்கு ஏழு என்றே தீர்ப்பு வந்தது. 1877 மார்ச் 2ஆம் நாள் விடியுமுன் எண்ணிக்கை முடிந்தது: ஹேஸ் 185, டில்டன் 184.

விலை கொடுத்தவர்

டில்டன் தரப்பினர் இதனை எவ்வாறு பொறுத்தனர்? வாஷிங்டன் நகரில் வோர்ம்லி என்னும் விடுதியில் பிப்ரவரி இறுதியில் இரு தரப்பினரும் பேசினர். ஹேஸ் தலைவராவதைத் தெற்கத்தியர் தடுக்கமாட்டார். பதிலாக, லூயிசியானா, தென் கரோலினா அரசுகளுக்குக் காவலாக நின்ற படைகள் விலகும் என்பது அப்பேச்சின் சாரம். அந்தப் பேச்சு ஒன்றே முடிவைத் தீர்த்தது என்று வரலாற்றாசிரியர் எல்லாரும் ஒப்புவதில்லை. ஆயினும் அவ்வாண்டு ஏப்ரல் திங்களில் படைகள் விலகின, அவ்வரசுகள் வீழ்ந்தன. அவ்விடுதியின் உரிமையாளர் ஜேம்ஸ் வோர்ம்லி ஒரு கறுப்பினத்தவர் என்பது வரலாற்றின் கொடிய முரண்.

விளைவு படிப்படியாகத் தெரிந்தது. 1890 முதல் தென் மாநிலங்கள் தலைவரியையும் எழுத்தறிவுத் தேர்வையும் வாக்குரிமைக்கு நிபந்தனையாக்கின. படித்துக் காட்டுபவர் தேறினாரா என்று முடிவு செய்பவர் வெள்ளை அதிகாரி. லூயிசியானா 1898இல் மற்றொரு விதியும் செய்தது: 1867ஆம் ஆண்டுத் தொடக்கத்திலோ அதற்கு முன்போ ஒருவரோ, அவர் தந்தையோ, பாட்டனோ வாக்குரிமை பெற்றிருந்தால் அவருக்குத் தேர்வு வேண்டுவதில்லை. அடிமையின் பேரனுக்கு அத்தகைய பாட்டன் ஏது? 1896இல் அம்மாநிலத்தில் 1,30,000க்கு மேல் இருந்த கறுப்பின வாக்காளர், 1904இல் சுமார் 1,300 ஆகக் குறைந்தனர். எழுத்தறிவு மனிதனை உயர்த்தும் ஏணி; அதனையே மனிதனை வெளியில் நிறுத்தும் தாழ்ப்பாளாக்கிய கொடுமை ஆசிரியர்கள் சிந்திக்கத்தக்கது. 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வரும்வரை, ஏறத்தாழ மூன்று தலைமுறை இந்நிலை நீடித்தது.

பின்னர் கற்ற பாடம்

எண்ணும் முறையை வகுக்க அமெரிக்கர் 1887இல்தான் ஒரு சட்டம் இயற்றினர். அதன் நடையும் தெளிவற்றதே. 2000ஆம் ஆண்டு புளோரிடாவில் 537 வாக்குகளில் முடிவு தொங்கியபோது, மறு எண்ணிக்கையை நிறுத்தி வழக்கை முடித்தது உச்ச நீதிமன்றம். 2021 ஜனவரி 6ஆம் நாள் வாக்கெண்ணிக்கை நடந்த மன்றத்துள்ளேயே கூட்டம் புகுந்தது. அதன் பின்னர், 2022இல் 1887ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட்டது. எண்ணிக்கையில் துணைத் தலைவர் ஆற்றுவது சடங்கு முறையான பணியே என்பது ஐயமறத் தெளிவாக்கப்பட்டது. 1876இல் எழுந்த வினாவுக்கு முழு விடை எழுத ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் சென்றன.

ஹேஸ் ஒரு தவணையோடு நிற்பேன் என்று சொன்னபடி நின்றார். டில்டன் விட்டுச்சென்ற பொருள், நியூயார்க் பொது நூலகம் அமையத் துணையாயிற்று. இரு தலைவருக்கும் வரலாறு மதிப்பான இடம் தந்தது. தோல்வி உண்மையில் யாருடையது என்று கேட்டால், பேச்சு நடந்த மேசையில் இடம் பெறாத மக்களைத்தான் சுட்ட வேண்டும். சண்டையிடுவோர் இருவர் அமைதியாகக் கைகுலுக்கும்போது, அந்த அமைதிக்கு எவர் பொருள் பறிபோகின்றது என்று நோக்குவது, வரலாறு படிப்போர் கடமையாகும்.