பின்திரை

ஒளிப்பட நிலையத்தில் நாற்காலியில் அமர்பவருக்குப் பின்னால் ஒரு துணி தொங்குகிறது. படம் கைக்கு வந்தபின் அத்துணியை எவரும் நினைப்பதில்லை. ஆயினும், முகம் தெளிவாக விழுந்ததா, கருத்துப் போயிற்றா என்பதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. பின்னணியில் தொங்கும் இத்துணியே பின்திரை எனப்படுகிறது.

தாகர் கண்டறிந்த ஒளிப்பட முறை 1839ஆம் ஆண்டு பாரிசில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த சில பத்தாண்டுகளுக்குள் இந்திய நகரங்களிலும் ஒளிப்பட நிலையங்கள் தோன்றின. அவற்றின் திரைகளில் தூண்களும் மாடிப்படிகளும் பூந்தோட்டங்களும் தீட்டப்பட்டிருந்தன. ஓட்டு வீட்டில் வாழ்ந்தவரும் படத்தில் மாளிகையின் முன் நிற்கலாம்! தமிழகத்தில் இத்தகைய திரை ஓவியம் நாடக மேடையோடு நெருங்கிய உறவுடையது. நாட்காட்டி ஓவியங்களால் புகழ்பெற்ற கோவில்பட்டி கொண்டையராஜு, நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை தீட்டியவர். வளைகாப்புக் காலத்தில் பெண்ணின் பின்னே கண்ணாடியை நிறுத்தி, பூத்தைத்த சடையும் முகமும் ஒருசேரத் தெரியுமாறு படமெடுத்த வழக்கத்தையும் பின்னணிக் கலையின் ஒரு கிளையாகவே கொள்ளலாம்.

சிறந்த பின்திரைக்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுத் தலைநகர் பமாகோவில் 1948இல் ஒளிப்பட நிலையம் தொடங்கிய செய்தூ கெய்ட்டா, முதலில் திரையாக்கியது தம் படுக்கை விரிப்பை. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் இர்விங் பென், 1950இல் பாரிசில் கிடைத்த பழைய நாடகத் திரை ஒன்றைத் தம் வாழ்நாள் முழுதும் பயன்படுத்தினார். சாம்பல் திட்டுகள் படர்ந்த அத்துணியின் முன் உலகப் புகழ்பெற்றோர் பலர் நின்றிருக்கின்றனர்.

படுக்கை விரிப்பும் பழந்திரையும் போதுமென்றால், பின்னலாடை நகரமான திருப்பூரில் பின்திரைக்குப் பஞ்சமே இல்லை. ஏற்றுமதிக்கென நெய்து, நிறம் சற்று மாறியதாலோ சிறு பழுதாலோ ஒதுக்கப்பட்ட துணிகள் இங்கு எடைக்கு விற்கப்படுகின்றன. பின்னல் துணிக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. தறியில் நெய்த துணி மடித்த கோட்டில் சுருக்கத்தை விடாது பிடித்துக்கொள்ளும். கண்ணிகளால் ஆன பின்னல் துணியோ இழுத்தால் விரிந்து கொடுக்கும். இருபுறமும் மெல்ல இழுத்துக் கிளிப்பால் பிடித்துவிட்டால் பெரும்பாலான சுருக்கங்கள் மறையும். மிகையாக இழுத்தால் கண்ணி அகன்று பின்னிருக்கும் சுவர் தெரியும் என்பதை மட்டும் மறக்கலாகாது.

வட்டப் பின்னல் எந்திரத்திலிருந்து துணி குழாய் வடிவில் வெளிவருகிறது. 36 அங்குல அகலமுள்ள குழாயின் ஒரு பக்கத்தை நீளவாக்கில் வெட்டி விரித்தால் 72 அங்குலம், அதாவது 6 அடி அகலம் கிடைக்கும். இடுப்பளவுப் படத்திற்கு 6 அடி அகலமும் 8 அடி உயரமும் போதும். இதன் பரப்பு ஏறத்தாழ 4.5 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 180 கிராம் எடையுள்ள துணியாயின் மொத்த எடை ஒரு கிலோவைக்கூட எட்டாது. முழு உருவப் படத்திற்குத் துணி தரையிலும் படர வேண்டுமாதலால் அகலமும் நீளமும் மிகுதியாகத் தேவைப்படும்.

எந்த நிறத்தைத் தெரிவு செய்வது? பலரும் உடனே வெள்ளையை நாடுவர்; வீட்டுப் படங்கள் கெடுவதும் பெரும்பாலும் இங்கேதான். தானியங்கு முறையில் இயங்கும் படக்கருவி, சட்டகத்துக்குள் உள்ள ஒளியை அளந்து, அதன் சராசரியை நடுத்தரச் சாம்பல் நிலைக்குக் கொண்டுவர முயல்கிறது. பின்னே பளிச்சென்ற வெள்ளை நிறைந்திருந்தால் கருவி ஒட்டுமொத்த ஒளியையும் குறைத்துவிடுகிறது. அதன் விளைவாக, வெயிலில் உழைத்துக் கறுத்த பாட்டியின் முகம் கண்ணும் மூக்கும் பிரித்தறிய இயலாத நிழலாகிறது. பிழை முகத்தின் நிறத்தில் இல்லை. துணியின் நிறத்தில் இருக்கிறது. முகத்தை இனங்காணும் கைப்பேசிகள் இக்குறையை ஓரளவே சரிசெய்கின்றன. கரிய துணியில் இதற்கு நேர்மாறான தொல்லை நேரும். முகம் வெளிறுவதோடு தலைமுடியும் பின்னணியில் கரைந்துபோகும். சாம்பல், மங்கிய பழுப்பு, இலைப்பச்சை முதலிய நடுநிறங்களே நம் நாட்டு முகங்களுக்கு ஏற்றவை. அடர்சிவப்புத் துணி, அருகில் அமர்ந்தவரின் கன்னத்தில் தன் சாயலை எதிரொளிக்கும். பாலியெஸ்டர் கலந்த துணி மினுமினுக்கும். பருத்தித் துணியும், உட்புறம் பஞ்சுபோல் சீவப்பட்ட பிளீஸ் துணியும் ஒளியைச் சிதறடிப்பதால் மினுக்கம் தோன்றாது.

ஒரே துணியைப் பல நிறமாகக் காட்டும் வழியும் உண்டு. சிறு விளக்கின் ஒளி, தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்பது இயற்பியல் விதி. விளக்கிலிருந்து 1 மீட்டரில் ஒருவர் அமர்ந்து, 2 மீட்டரில் திரை தொங்கினால், அவர்மேல் விழும் ஒளியில் நான்கில் ஒரு பங்கே திரையைச் சேரும். 3 மீட்டரில் தொங்கினால் ஒன்பதில் ஒரு பங்கு. ஆகவே திரையைப் பின்னுக்கு நகர்த்த நகர்த்தச் சாம்பல் கருமையை நெருங்குகிறது. சன்னல் ஒளியில் இவ்வேறுபாடு இத்துணை கூர்மையாக இராது. அமர்பவருக்கும் திரைக்கும் இடையே ஐந்தாறு அடி இருப்பது எவ்வகையிலும் நன்று; தலையின் நிழல் துணியில் விழாது, துணியின் தையலும் பழுதும் மங்கிவிடும். விண்ணப்பப் படங்களுக்கு வெள்ளைப் பின்னணி கட்டாயமாகும்போது திரைக்கெனத் தனியே ஒரு விளக்கு வைத்து, முகத்துக்கான ஒளியைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

திரை அமைப்பது எளிது. வெட்டிய ஓரம் சுருண்டுகொள்வது ஒற்றைப் பின்னல் துணியின் இயல்பு. எனவே நான்கு புறமும் ஓவர்லாக் தையல் போட வேண்டும். மேல்விளிம்பை மூன்று அங்குலம் மடித்துத் தைத்து, அதனுள் பி.வி.சி. குழாயைச் செருகி, சுவரில் அடித்த இரு கொக்கிகளில் மாட்டலாம். கயிறு நடுவில் தொய்யும்; குழாய் தொய்யாது. துண்டுகளை இணைத்துத்தான் அகலம் காண வேண்டுமெனில், தையல் கோடு தலைக்கு நேர் பின்னே வராதவாறு அமைப்பது முறை.

நிறம் பிடிக்கவில்லை என்பதற்காக வீட்டில் சாயம் போடுவதைத் தவிர்க்கலாம். சாயநீர் நொய்யலுக்கு என்ன செய்தது என்பதைத் திருப்பூர் நன்கறியும். பாசனத்துக்கெனக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் கழிவுநீர் தேங்கி, உழவர்கள் நீதிமன்றம் செல்ல நேர்ந்தது. 2011ஆம் ஆண்டு சனவரியில் சாய ஆலைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. ஏற்கெனவே சாயமேறி ஒதுக்கப்பட்ட துணி கிடைக்கும் ஊரில் புதுச்சாயம் எதற்கு? பென்னின் திரைபோல் திட்டுத்திட்டான தோற்றம் வேண்டுவோர், பழைய வேட்டியை விரித்து, சுவர்ப் பூச்சில் எஞ்சிய வண்ணத்தோடு சிறிது கருமை கலந்து, கடற்பஞ்சால் ஒற்றியெடுக்கலாம். ஒற்றல்கள் ஒழுங்கற்று விழுவதே அழகு.

பயன்படுத்தியபின் திரையை மடிக்காமல் அதன் குழாயிலேயே சுருட்டி வைக்க வேண்டும். மாதக்கணக்கில் தொங்கவிட்டால் பின்னல் துணி தன் எடையாலேயே கீழ்நோக்கி நீண்டுவிடும். நைந்து கிழிந்த சாயத்துணியைத் துண்டுகளாக்கினால், எந்திரங்களில் எண்ணெய் துடைக்கும் துணியாக அது பட்டறைக்குச் செல்லும்.